திகதி மறந்தவரின் சாட்சியம்: போர் நாவலில் கதைசொல்லியை ஏன் நம்புகிறோம்?

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயொருவர் என்னிடம் சொன்னார்: "ஒவ்வொரு விசாரணையிலயும் திகதி கேக்கினம் தம்பி. ஒரு நாள் மாறிச் சொன்னால் பொய் எண்டு நினைக்கினம்." அன்று மகன் போட்டிருந்த சேட்டின் நிறத்தை மட்டும் அவர் தடுமாறாமல் சொன்னார். அதன்பின் போர் நாவல்களை வாசிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: ஒருவர் சொல்வதை எதை வைத்து நம்புகிறோம்?

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) பிரான்சில் தஞ்சம் கோரும் ஒருவரின் மனுவோடு தொடங்குகிறது. அதன் மொழி அலுவலக மொழி. வாசகர் தம்மை அறியாமலே தீர்ப்புச் சொல்லும் அதிகாரியின் கதிரையில் அமர்ந்துவிடுகிறார். மனுதாரரின் பெயர் எழுத்தாளரின் இயற்பெயரான அன்ரனிதாசனை ஒத்திருப்பதால், எது கதை, எது வாழ்க்கை என்ற ஐயமும் கூடவே வருகிறது.

மனு முடிந்ததும் குரல் மாறுகிறது. ரொக்கிராஜின் சிறுபராயம், சண்டியனான தகப்பன், இயக்கத்தில் சேர்தல், அங்கே கிடைக்கும் தண்டனை என்று கதை ஊர்ப்பேச்சில் விரிகிறது. இங்கே அடி இராணுவத்திடமிருந்து மட்டும் வருவதில்லை. தன் பக்கத்துக்குப் பாதகமானதையும் மறைக்காத குரலை நாம் நம்பத் தொடங்குகிறோம். அரசியல் விளக்கங்களை அடிக்குறிப்புகள் சுமப்பதால் பாத்திரங்கள் வரலாற்றுப் பாடம் நடத்துவதுமில்லை.

எரிக் மரியா ரெமார்க்கின் 'ஆல் குவையட் ஆன் தி வெஸ்டர்ன் பிரண்ட்' (1929) முதலாம் உலகப்போர் பற்றிய ஜெர்மன் நாவல். அதன் கதைசொல்லியான இளம் சிப்பாய் போல் பொய்மர் தளபதிகளின் திட்டங்களை விளக்குவதில்லை. சாகக் கிடக்கும் நண்பனின் சப்பாத்து அடுத்தவனுக்குப் போவதைச் சொல்கிறான். தன் சாவை அவனால் சொல்ல முடியாது. கடைசியில் வேறொரு குரல் அதைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. தனக்குத் தெரிந்த அளவோடு நிற்பதே அவனுடைய நம்பகத்தன்மை.

2009ஐ எழுத விரும்பும் பலர் முழு யுத்தத்தையும் சொல்ல முயன்று, அறிக்கையின் மொழிக்குள் போய்விடுகிறார்கள். பதுங்குகுழிக்குள் இருந்தவருக்கு எவ்வளவு தெரிந்ததோ, அவ்வளவு போதும். விசாரணைப் படிவத்தில் "நினைவில்லை" என்ற பதில் சாட்சியைப் பலவீனமாக்கலாம். நாவலில் அதையும் எழுதலாம், சேட்டின் நிறத்துக்குப் பக்கத்திலேயே.