மொகஞ்சதாரோ கொத்தனார்!

பாத்ரூமில் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்களா? அப்படியானால், கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு நடை மொகஞ்சதாரோவுக்குப் போய் வந்துவிடுவோம், வாருங்கள். தமாஷ் இல்லை. குளிக்கிற இடத்துக்கு எப்படித் தரை போடுவது என்று அன்றைக்கே கரைத்துக் குடித்திருந்த ஊர் அது!

இன்றைய பாகிஸ்தானில், சிந்து நதியை ஒட்டி இருக்கிறது மொகஞ்சதாரோ. 1922-ல் ஆர்.டி.பானர்ஜி என்ற தொல்லியல் அறிஞர் அங்கே தோண்ட ஆரம்பித்தார். மண்ணுக்கு அடியிலிருந்து சுமார் 4,500 ஆண்டுகள் பழைமையான நகரம் ஒன்று வெளியே வந்தது. இதுதான் அரண்மனை என்று அடித்துச் சொல்லும்படி ஒரு கட்டடம் கிடையாது. ஆனால், ஏறக்குறைய வீட்டுக்கு வீடு குளியலறை இருந்தது!

ஏதோ ஒரு மூலையில் நாலு கல்லைப் போட்டு வைத்த சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். சுட்ட செங்கல்லைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, ஒன்றோடு ஒன்று நெருக்கமாகப் பதித்த தரை. அது ஒரு மூலையை நோக்கி லேசாகச் சரியும். நம்ம ஊர் கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்கிறார்களே, அதேதான்! வாட்டம் முடிகிற இடத்தில் ஒரு துவாரம். குளித்த தண்ணீர் அதன் வழியாகச் சுவரைக் கடந்து, தெருவோரச் சாக்கடையில் போய் விழும். குளியலறையைப் பெரும்பாலும் தெருப்பக்கச் சுவரை ஒட்டியே கட்டியது ஏன் என்று இப்போது புரிகிறதா? தண்ணீர் வெளியேற வேண்டிய தூரம் குறைவு.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டிய இடம்தான், பள்ளிக்கூடப் பாடத்தில் நீங்கள் படித்த பெருங்குளம். நீளம் சுமார் 12 மீட்டர், அகலம் 7 மீட்டர், ஆழம் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். அதன் தரையில் செங்கற்களைப் படுக்க வைக்கவில்லை. பக்கவாட்டில் நிமிர்த்தி, ஜிப்சம் சாந்து வைத்து இறுக்கமாகப் பதித்தார்கள். சுவருக்குப் பின்னால் வெளியே தெரியாமல் ஒரு கறுப்பு ரகசியம். இயற்கையாகக் கிடைத்த தாரை ஓர் அங்குல கனத்துக்குப் பூசியிருந்தார்கள். ஆமாம், வாட்டர் ப்ரூஃபிங்! தரை தென்மேற்கு மூலையை நோக்கிச் சரிகிறது. அங்கே வடிகால்.

இன்னொரு விஷயம், அளவு. சிந்துவெளி நகரங்களில் செங்கல்லின் உயரம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதத்தில் இருக்கும். வீடு கட்டும் செங்கல் என்றால் 7, 14, 28 செ.மீ. கல்லெல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் ஜாயின்ட் மெல்லிசாக வரும். ஜாயின்ட் மெல்லிசாக இருந்தால்தான் தண்ணீர் நுழைய வழி குறையும்.

இந்த ஒரே அளவு என்பது, பிற்காலத்தில் டைல்ஸ் செய்தவர்களைப் படாதபாடு படுத்தியது. ஈரக் களிமண் காயும்போது சுருங்கும், கோணும். சூளையிலிருந்து வரும்போது ஒன்று அண்ணன், ஒன்று தம்பி! 1840-ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பிராசர் ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். களிமண்ணைக் கிட்டத்தட்ட உலர்ந்த தூளாக்கி, இரும்பு அச்சில் போட்டு ஓங்கி அழுத்துவது. அவர் அதில் செய்ய நினைத்தது என்ன தெரியுமா? சட்டைப் பொத்தான்! பீங்கான் தொழிலதிபர் ஹெர்பர்ட் மின்டன் இதைப் பார்த்தார். ‘பொத்தான் வருமென்றால் டைல்ஸ் வராதா?’ என்று அவருக்குப் பொறி தட்டியது. இன்றைக்கு உங்கள் கடைக்காரர் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுகிற டைல்ஸும் பெரும்பாலும் அப்படி அழுத்திய தூள்தான்.

ஆக, அளவுப் பிரச்னையை மெஷின் தீர்த்துவிட்டது. வாட்டத்தையும் அடிப்பூச்சையும் எந்த மெஷினும் பெட்டியில் போட்டுத் தராது. அது இன்றைக்கும் கொத்தனார் கையில்தான். நாமோ கடையில் டிசைன் பார்க்க மூன்று மணி நேரம் செலவழிப்போம். அடியில் என்ன பூசுகிறார்கள் என்று பார்க்க மூன்று நிமிடம் நிற்கமாட்டோம்!

விளைவு என்ன? உங்கள் பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தைப் போய்ப் பாருங்கள். பெயின்ட் உரிந்து வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா? ஜாயின்ட் வழியே இறங்கிய தண்ணீர் சுவருக்குள் ஏறி, உப்பைக் கரைத்து, வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டுக் காய்ந்துபோகிறது. அந்த உப்பு படிகமாகும்போது பூச்சையும் செங்கல்லையும் உடைக்கிறது.

மொகஞ்சதாரோவை இன்று அரிப்பதும் இதே நோய்தான் என்பது சரித்திரத்தின் சோகம். 1980-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால், நிலத்தடி நீர் செங்கல்லுக்குள் ஏறி, உப்பைப் படியவிட்டு, சுவர்களைப் பொடியாக்கிக்கொண்டிருக்கிறது. 2022-ல் கொட்டிய பேய்மழையிலும் பல சுவர்கள் சேதமாயின. தண்ணீரை அத்தனை அழகாக வெளியே அனுப்பத் தெரிந்த ஊரை, மேலிருந்தும் கீழிருந்தும் வந்த தண்ணீர் விடாமல் தாக்குகிறது. தண்ணீருக்குப் பொறுமை ஜாஸ்தி. நாலாயிரம் வருஷம்கூடக் காத்திருக்கும்!

அதனால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கொத்தனாரிடம் இதைக் கேளுங்கள்: ‘‘அண்ணே, வாட்டர் ப்ரூஃபிங் பூசிக் காய்ந்ததும் வடிகாலை அடைச்சு, ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டிப் பார்த்துடலாமா?’’ மறுநாள் கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரியவில்லை என்றால் வேலையைத் தொடரலாம். டைல்ஸ் போட்டு முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுங்கள். எங்கேயும் தேங்காமல், அது தானாக மூலைக்கு நடந்துபோக வேண்டும்.

போனால், மொகஞ்சதாரோ கொத்தனாருக்கு மனசுக்குள் ஒரு வணக்கம் வையுங்கள்!