கூட்டமும் பதிவேடும்

பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடங்களில் வேலை செய்கிறவர்களிடம் சங்கம் என்று சொன்னால் 'நாங்க தொழிலாளி இல்லீங்க, புரொபஷனல்' என்ற பதில்தான் நெடுங்காலம் வந்தது. நிறுவனங்கள் கட்டிய சொல்லாடல் அவர்கள் வாய்வழியே பேசியது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

2014 டிசம்பரில் அதில் விரிசல் விழுந்தது. டி.சி.எஸ். ஆட்குறைப்பில் 25,000 பேர் வெளியேற்றப்படுவார்கள் என்று முகநூலில் செய்தி பரவியது. நிறுவனம் அந்த எண்ணை மறுத்தது. தனித்தனியாக அழைத்து அனுப்பப்பட்டவர்கள், இது நம்ம திறமைக் குறைவால வந்ததில்லை, எல்லாருக்கும் இதே கதைதான் என்று முகநூல் குழுக்களில் கண்டுகொண்டதுதான் முக்கியம். அப்போது முன்னின்ற எஃப்.ஐ.டி.இ. என்ற ஐ.டி. ஊழியர் மன்றத்திற்கு முன்கதை உண்டு. 2008-09 ஈழப் போரின்போது 'சேவ் தமிழ்ஸ்' இயக்கமாகத் திரண்ட இளைஞர்களின் வழியில் வந்தது அது. தமிழராகக் கூடியவர்கள் தொழிலாளராகவும் பேசத் தொடங்கினார்கள். 2015 ஜனவரியில் கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்திற்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து ஐ.டி. நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை என்று 2016இல் தமிழக அரசு எழுத்தில் தெரிவித்தது. சங்கத்துக்குச் சட்டக் கதவு திறந்தாயிற்று. ஆனால் உள்ளே வந்தவர்கள் கொஞ்சம்பேர்தான்.

அடுத்த ஆண்டு, 2017 ஜனவரி 17 முதல் 23 வரை, ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். அழைப்பு முகநூலிலும் வாட்ஸப்பிலும் பறந்தது. அதே சாலையின் ஐ.டி. ஊழியர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே கைகோத்து நின்றார்கள். சங்கச் செய்தியைப் பகிரத் தயங்கிய விரல் இதை மட்டும் எப்படிப் பகிர்ந்தது?

தமிழன் என்று பகிர்ந்தால் மேலாளரும் விருப்பம் போடுவார். தொழிலாளி என்று பகிர்ந்தால் அவர் குறித்து வைத்துக்கொள்வார். முகநூலில் நம் பெயரும் முகமும் வேலை செய்யும் இடமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நாம் பேசும் வெளியே நம்மைக் கண்காணிக்கும் வெளியும்கூட. ஆகவே விலை கேட்காத அடையாளம் வேகமாகப் பெருகுகிறது, விலை கேட்கும் அடையாளம் தனிச்செய்தியில் கிசுகிசுக்கிறது. விலை கேட்காததாகத் தெரிந்ததற்கும் யாரோ விலை கொடுத்தார்கள். ஜனவரி 23 அன்று போலீஸ் கூட்டத்தைக் கலைத்தபோது மாணவர்களுக்கு இடம் கொடுத்த நடுக்குப்பத்து மீனவர்களின் மீன் சந்தை எரிந்தது. வந்தவர்கள் வீடு திரும்பினார்கள். குப்பத்து மக்கள் எங்கே திரும்புவது?

இதனால் பழைய சங்கமே புனிதம் என்று நான் சொல்லவரவில்லை. 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் சாதியால் பிளந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. 'தொழிலாளி' என்ற பெயருக்குள் யார் இல்லை என்ற கேள்வி அப்போதே இருந்தது. ஆனாலும் சங்கத்தில் பதிவேடு இருந்தது, சந்தா இருந்தது. ஏன் எங்களைக் கைவிட்டீர்கள் என்று கேட்க ஒரு கதவு இருந்தது. மெரினாவில் தலைமை இல்லை என்பதைக் கொண்டாடினோம். நடுக்குப்பத்துக்காரர் போய்க் கேட்கவும் அங்கே ஆளில்லை.

கூட்டத்தை ஒரு வாரத்தில் சேர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். ஆட்குறைப்புக்கு அடுத்த நாளும், போலீஸ் போன பிறகும் யார் பக்கத்தில் நிற்பது என்பதை எந்தத் திரையும் தீர்மானிக்காது. தோழர்கள் அதைத்தான் இப்போது பேசவேண்டும்.