‘டிவோட்’ என்னும் நேர்த்திக்கடன்

ஆங்கில ‘டிவோட்’ என்ற வினைக்கு ‘அர்ப்பணி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நம் ஊர்க் கோயில்களில் சொல்லும் ‘நேர்ந்துவிடுதல்’ அதன் வேருக்கு இன்னும் நெருக்கம். நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

இலத்தீன் மூலச்சொல்லின் முழு உக்கிரத்தையும் வரலாற்றாசிரியர் லிவியிடம் காணலாம். கி.மு. 340இல் வெசூவியஸ் மலையருகே இலத்தீனியரோடு போர். ரோமப் படையின் இடப்பக்கம் பின்வாங்குகிறது. கான்சல் டேசியஸ் மூஸ் பூசாரியை அழைத்து மந்திரம் சொல்லித் தரச் சொல்கிறார். தலையை முக்காடிட்டு, ஆடைக்குள்ளிருந்து நீட்டிய கையை மோவாயில் வைத்து, தரையில் கிடத்திய ஈட்டியின்மேல் நிற்கிறார். எதிரிப் படையைத் தன்னோடு சேர்த்துப் பாதாளத் தேவர்களுக்கும் மண்மகளுக்கும் நேர்ந்துவிடுகிறார். பிறகு குதிரையேறி எதிரிகளுக்குள் பாய்ந்து மடிகிறார். கி.மு. 295இல் செண்டினும் களத்தில் அவர் மகனும் அப்படியே செய்தார் என்கிறார் லிவி. இதில் வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்பது தனி வழக்கு. எனக்குப் பிடித்தது அவர் தரும் ஒரு விதி: கான்சல் தனக்குப் பதிலாக ஒரு படைவீரனை நேர்ந்துவிடலாம். அவன் சாகாமல் தப்பிவிட்டால், ஏழடிக்குக் குறையாத உருவமொன்றை மண்ணில் புதைத்துப் பரிகாரப் பலியும் இடவேண்டும். தெய்வத்தின் கணக்கில் பாக்கி வைக்கக் கூடாது!

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்த பின்பும் இந்தச் சாவு வாடை உடனே போய்விடவில்லை. 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பின் லேவியராகமத்தில், இச்சொல்லால் குறிக்கப்பட்டதை விற்கவோ மீட்கவோ முடியாது. மனிதனானால் அவன் கொல்லப்படவேண்டும். மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ ஒன்பதாம் காண்டத்தில், கனியைத் தின்றுவிட்ட ஏவாளைப் பார்த்து ஆதாம் இதே சொல்லை ஆள்கிறான். அவளைச் சாவுக்கு நேர்ந்தாகிவிட்டது என்பது பொருள்.

இன்று பத்திரிகை இரண்டு பக்கத்தை ‘டிவோட்’ செய்கிறது, நாம் மாலையில் அரைமணி நேரத்தைச் செய்கிறோம். ஆயினும் ‘டெடிகேட்’ இதற்கு மாற்றாகிவிடாது. நூலை நண்பருக்கு ‘டெடிகேட்’ செய்தால் அது காணிக்கைப் பக்கத்தோடு முடிந்தது. ‘டிவோட்’ செய்தால் நூல் முழுவதும் அவரைப் பற்றியதாகிவிடும்.

எதை, எதற்கு என்ற இரண்டையும் இந்த வினை கேட்கும். பெறுபவரைக் காட்டும் ‘டு’ வெறும் முன்னிடைச்சொல். அதன்பின் பெயரோ ‘இங்’ ஈறு பெற்ற வடிவமோதான் வரலாம். ‘டிவோட்டட் டு ஹெல்ப்பிங்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘ஹெல்ப்’ என்று நிறுத்திவிடுவது நம் மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.