கீசர் ஒழுகுதா? எங்கிருந்து சொட்டுதுன்னு முதலில் பாருங்க

புனேயில் டிசம்பர், ஜனவரி காலைகளில் குளிர் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலைக்கு வந்தவர்களுக்கு கீசர் இல்லாமல் குளியல் கிடையாது. அந்த கீசர் சொட்ட ஆரம்பித்தால், பலரும் அடியில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு ஆபீஸ் கிளம்பிவிடுகிறார்கள். அது சரியா?

முதலில் என்ன செய்யணும்?

கை ஈரமில்லாமல் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்க. மெயின் போர்டில் கீசருக்கான எம்.சி.பி.யையும் இறக்கிடுங்க. அதன் பிறகு கீசருக்குள் போகும் குளிர்ந்த நீர் வால்வை மூடுங்க.

எம்.சி.பி. இருக்கேன்னு அலட்சியம் வேண்டாம். 2,000 வாட் கீசர் 8 முதல் 9 ஆம்பியர் இழுக்கும், எம்.சி.பி. அதற்கும் மேலே போனால்தான் விழும். ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டிக்கும். உங்க போர்டில் அது இருக்கான்னு இன்றே பாருங்க.

எங்கிருந்து சொட்டுது?

*பைப் இணைப்பில்:* இது சின்னப் பிரச்சினை. வாஷர், டெஃப்லான் டேப் அல்லது கனெக்‌ஷன் பைப்பை மாற்றினால் போதும்.

*சேஃப்டி வால்வில்:* தண்ணீர் சூடாகும்போது விரியும். 25 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போனால் சுமார் அரை லிட்டர் கூடும். அது வெளியேறும் வழிதான் இந்த வால்வு. சூடாகும்போது மட்டும் சில சொட்டு விழுந்தால் பயம் இல்லை. எந்நேரமும் ஒழுகினால் வால்வு பழுதாகியிருக்கலாம், அல்லது தண்ணீர் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். எக்காரணம் கொண்டும் அந்த வாயை அடைக்காதீங்க. அழுத்தம் போக வழியில்லாமல் டேங்க் வெடிக்கலாம்.

*அடிப்பகுதி மூடிக்குள்ளிருந்து:* ஹீட்டிங் எலிமென்ட் பொருத்திய இடத்து கேஸ்கெட் போயிருந்தால் மாற்றிவிடலாம். டேங்கே அரித்து ஓட்டையாகியிருந்தால் புது கீசர்தான். துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர் வருவது அதற்கு முன்னறிவிப்பு.

ஏன் இப்படி ஆகுது?

கடக்வாஸ்லா அணை நீர் வரும் பகுதிகளைவிட, போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கும் புறநகர் அடுக்குமாடிகளில் உப்புத் தண்ணீர் பிரச்சினை அதிகம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லி கிராம். கடினத்தன்மை கூடக் கூட எலிமென்ட் மேல் சுண்ணாம்பு படியும்.

டேங்குக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். டேங்குக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காப்பதுதான் அதன் வேலை. அது தீர்ந்துபோனால் அரிப்பு டேங்குக்குப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸில் அந்தக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்க.

உயரமும் ஒரு காரணம். மேல் தொட்டிக்கும் உங்க வீட்டுக்கும் இடையே ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் சுமார் 1 பார் ஏறும். அதனால் அடுக்குமாடிகளுக்கு 8 பார் தாங்கும் மாடலே நல்லது.

செலவு யாருடையது?

மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கீசர் ரிப்பேரை வாடகைதாரர் தலையில் வைக்கிறது. ஆனால் மாநிலம் ஏற்றால்தான் அது செல்லும். மகாராஷ்டிராவில் 1999 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், பதிவும் ஆகணும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு ஓனருடையது. ஆகவே 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், "ரிப்பேர் யார், புதுசு மாற்றினால் யார்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க.

பல பிராண்டுகள் டேங்குக்குத் தனியாக 5 ஆண்டு அல்லது அதற்கும் மேல் வாரண்டி தருகின்றன. பில் ஓனரிடம் இருக்கும்; கேட்டு வாங்குங்க. குடியேறும் நாளிலேயே கீசரையும் அதன் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க. காலி செய்யும்போது டெபாசிட்டில் கை வைத்தால், அந்த போட்டோ உங்க பக்கம் பேசும்.