கெட்டுப்போன ஒரு டிரான்ஸ்பார்மரின் கதை

பேஸ் கிடார் வாசிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் என்ன செய்வோம்? முதலில் ஒயரை மாற்றிப் பார்ப்போம். அப்புறம் கிடாரை. அப்புறம் ஆம்ப்ளிஃபயரில் வேறு சானலில் சொருகிப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அப்போதுதான் குற்றவாளி யாரென்று தெரியும். ரிப்பேர்க்காரர்களின் பாலபாடம் இது. கண்டுபிடித்த பிறகு? கெட்டதைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்லதை மாட்டுவோம். அவ்வளவுதான்.

அப்படிக் கழற்றிப் போட்டு மறந்துவிடாத ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வருடம் 1960. இடம் அமெரிக்காவின் நாஷ்வில். பழைய ராணுவக் கொட்டகை மாதிரி வளைந்த கூரை கொண்ட 'குவான்செட் ஹட்' என்ற ஸ்டூடியோ. மார்ட்டி ராபின்ஸ் 'டோன்ட் வொர்ரி' என்ற பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிடார் வாசிக்கிறார். கிடாரை நேராக மிக்சிங் கன்சோலில் சொருகியிருந்தார்கள். அதாவது ஆம்ப்ளிஃபயர் செய்யும் வேலையைக் கன்சோலே பார்த்துக்கொண்டது. பாட்டின் நடுவில் அவர் தனியாக வாசிக்கும் இடம் வந்தபோது, கிடார் சத்தத்துக்குப் பதிலாக வண்டு குடைவது போல ஒரு உறுமல்!

மார்ட்டினுக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். மறுபடி வாசித்துப் பதிவு செய்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் அதை அப்படியே விட்டுவிட முடிவு செய்தார்கள். 1961-ல் வெளியான அந்தப் பாட்டு, கன்ட்ரி பாடல்கள் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

இப்போது நம் ஹீரோ வருகிறார். அன்று ஒலிப்பதிவு செய்த இன்ஜினியர் க்ளென் ஸ்னாடி. தேடிப் பார்த்ததில், கன்சோலில் அந்தச் சானலின் டிரான்ஸ்பார்மர் பழுதாகியிருந்தது தெரிந்தது. சாதாரணமாக ஒலி அலை வளைந்து வளைந்து போகும். கருவியால் அந்த உயரத்தைத் தாங்க முடியாதபோது அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படி வெட்டுப்படும்போது மூல ஒலியில் இல்லாத புதிய மேல்சுரங்கள் சேர்ந்துகொள்ளும். நம் காதுக்குக் கரகரப்பாகக் கேட்பது அதுதான்.

பாட்டைக் கேட்ட மற்றவர்களும் "அந்தச் சத்தம் எங்களுக்கும் வேண்டும்" என்று வர ஆரம்பித்தார்கள். ஆனால் பழுதுக்கு ஒரு குணம் உண்டு, அது அதே அளவில் நிற்காது. பழுதான அந்தப் பகுதி ஒரேயடியாக வேலை செய்வதையே நிறுத்திவிட்டது. ஆகவே ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்ற இன்ஜினியரோடு சேர்ந்து, டிரான்சிஸ்டர்களை வைத்து அதே கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு சர்க்யூட்டைச் செய்தார். அதை கிப்சன் நிறுவனம் வாங்கி, 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் காலால் மிதித்து இயக்கும் பெடலாக விற்றது.

காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் :-) முதல் வருடம் கடைகளுக்கு ஆயிரக்கணக்கில் பெடல்கள் போயின. கம்பெனி கணக்கில் அதெல்லாம் விற்பனை! ஆனால் கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போக ஆளில்லை. அடுத்த வருடங்களில் ஆர்டர் கிட்டத்தட்ட நின்றே போனது. இது ட்ரம்பெட் மாதிரி, செல்லோ மாதிரி ஒலிக்கும் என்று சொல்லித்தான் விளம்பரம் செய்திருந்தார்கள். கிடார்காரனுக்கு ட்ரம்பெட் எதற்கு?

1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் இந்தப் பெடலை வைத்து வாசித்தார். அதுவும் தற்காலிகமாகத்தான். அந்த இடத்தில் பின்னால் ஊதுகருவிகள் வரவேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் பாட்டு அப்படியே வெளியாகி உலகமெங்கும் ஒலித்தது. கடைகளில் தூங்கிய பெடல்கள் பறந்தன. அதன்பின் வந்த ராக் இசையில் இந்தக் கரகரப்பு இல்லாத கிடாரை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம்.

காஸ்ட் அக்கவுன்டிங்கில் எதிர்பாராமல் வீணாகும் சரக்கை 'அப்நார்மல் லாஸ்' என்று லாப நட்டக் கணக்குக்குத் தள்ளிவிடுவோம். அந்த டிரான்ஸ்பார்மரையும் அப்படித் தள்ளியிருக்கலாம். கெட்டுப்போன சத்தத்தை நல்ல சத்தம் என்று நினைத்தது பாட்டுக்காரர்களின் ரசனை. அது ஏன் வந்தது என்று தேடி, நினைத்தபோது வரவழைக்கும்படி செய்தது ஸ்னாடியின் உழைப்பு. முதலாவது மட்டும் இருந்திருந்தால் ஒரு பாட்டோடு போயிருக்கும். இரண்டாவதும் சேர்ந்ததால்தான் அது வரலாறு ஆனது.

அடுத்த முறை உங்கள் ஆம்ப்ளிஃபயர் உறுமினால் தாராளமாகச் சரிசெய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள்.