சங்கு முத்திரை

அண்மையில் நாகர்கோவிலில் நண்பர் ஒருவர் பணிபுரியும் அலுவலகத்தில் ஓர் இரவு முழுக்க விழித்திருக்க நேர்ந்தது. தன் மின்னஞ்சல்களைப் பிறர் பொறுப்பில் விடாமல், சொந்தக் கட்டடத்திலேயே ஒரு வழங்கியில் வைத்துப் பேணிவரும் அலுவலகம் அது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆகவே புதிய பதிப்புக்கு மாறியாக வேண்டிய கட்டாயம். பழைய இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் புதியதை நிறுத்தி, ஒவ்வொருவருடைய அஞ்சற்பெட்டியையும் தனித்தனியே நகர்த்திக்கொண்டிருந்தார்கள். விடியும் வேளையில், பழையதை எப்போது அணைப்பீர்கள் என்று கேட்டேன். "கொஞ்ச நாளு விட்டு வைக்கணும் அண்ணாச்சி. பழைய வாசல்ல வந்து தட்டுறவங்க இருப்பாங்க" என்றார் நண்பர்.

வீடு திரும்பும் வழியில் அந்த வாக்கியம் மனதை விட்டு அகலவில்லை. சொந்தமாகக் கடிதப் போக்குவரத்து நடத்துவதும், பின்பு ஒருநாள் அதைப் பெரியதொன்றுக்கு மாற்றுவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்லவே என்று தோன்றியது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்தில் அந்த அரசுக்கென்று தனித் தபால் இருந்தது. அதன் பெயரே அஞ்சல்.

திருவிதாங்கூர் அஞ்சலின் தொடக்கம் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அரசின் ஓலைகளையும் கோயில் காரியங்களுக்கான பொருட்களையும் கொண்டுசெல்ல ஏற்பட்டது அது. 1811 முதல் 1814 வரை திவானாக இருந்த கர்னல் மன்றோ அதைச் சீரமைத்தார் என்பர். பொதுமக்கள் கடிதங்கள் அதில் இடம்பெற்றது பின்னாளில்தான். பையைச் சுமந்து ஓடியவன் அஞ்சலோட்டக்காரன். மணி கட்டிய கோல் அவன் கையில் இருக்கும். அதன் ஒலி கேட்டால் வழிவிட வேண்டும். அலுவலகத்தில் கடிதங்களுக்குப் பொறுப்பானவர் அஞ்சல் பிள்ளை. ஓர் ஓட்டக்காரன் தன் எல்லை வரை ஓடி அடுத்தவனிடம் பையை ஒப்படைப்பான். இன்றைய மின்னஞ்சலும் இவ்வாறுதான் பயணம் செய்கிறது. ஒரு வழங்கி மடலை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வழங்கியிடம் கைமாற்றுகிறது. அடுத்தது விழித்திருக்கவில்லை என்றால், நான்கைந்து நாட்களாவது காத்திருந்து மீண்டும் மீண்டும் முயலவேண்டும் என்பது அதற்கான நெறி. அன்றிரவு மடல் ஒன்றும் தொலையாததற்கு நண்பரின் திறமையோடு இந்தப் பொறுமையும் காரணம்.

1888இல் திருவிதாங்கூர் தன் முதல் அஞ்சல் தலைகளை வெளியிட்டது. அவற்றில் அரசர் முகம் இல்லை, சங்கு இருந்தது. மதிப்பு சக்கரத்தில். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அரசுக் கடிதங்களுக்கான தலைகளில் 1911 முதல் 'ஆன் எஸ்.எஸ்.' என்று மேலச்சு வந்தது. சர்க்கார் சேவை என்பது அதன் பொருள். 1939இல் வெளியான வரிசையில் குமரி முனையும் பேச்சிப்பாறை நீர்த்தேக்கமும் இடம்பெற்றன. தென்கோடி மக்கள் தம் கடலையும் தம் வயலுக்கு நீர் தந்த அணையையும் நாவால் ஈரப்படுத்தி உறையில் ஒட்டிய காலம் அது.

ஆனால் அந்தத் தலைகளுக்கு ஓர் எல்லை உண்டு. அரசின் எல்லைக்கு அப்பால் அவை வெறும் காகிதம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமை, அதாவது பிரிட்டிஷ் இந்தியா. வெளியே போகும் கடிதங்களுக்கு பிரிட்டிஷ் இந்தியத் தபால் இருந்தது. 1857இல் ஆலப்புழையில் தொடங்கி, திருவிதாங்கூருக்குள்ளேயே அதன் நிலையங்களும் இயங்கின. ஆக ஒரே ஊரில் இரண்டு கடிதப் பாதைகள். நாகர்கோவிலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கோட்டயத்துக்கு எழுதினால் சங்கு போதும். ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கும் வள்ளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு எழுத வேறு தலை வேண்டும். கொள்வினையும் கொடுப்பினையும் கணவாய்க்கு இருபுறமும் நிகழ்ந்துகொண்டிருந்த சமூகத்துக்கு, அரசியல் எல்லை என்பது வரைபடத்தில் தெரிந்ததைவிடக் கடித உறையில்தான் கூர்மையாகத் தெரிந்திருக்கும்.

பல சமஸ்தானங்கள் தம் தபாலைப் பிரிட்டிஷ் தபாலோடு இணைத்துவிட்ட பின்னும் திருவிதாங்கூரும் கொச்சியும் இணங்கவில்லை. இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. கடிதம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் செய்தி இருக்கிறது. இன்று ஓர் அலுவலகம் தன் மடல்களைத் தொலைதூரத்து நிறுவனத்தின் கிடங்கில் வைக்கத் தயங்குவதும் இதே காரணத்தால்தான். அதற்கான விலையும் ஒன்றே. தனி வழி வைத்திருப்பவர் அதைத் தாமே செப்பனிட வேண்டும். உலகம் மாறும்போதெல்லாம் தாமும் மாற வேண்டும்.

மாற்றம் வந்தது. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. சக்கரம் போய் அணா வந்தது. பழைய தலைகளைக் கொளுத்திவிடவில்லை. அவற்றின் மேலேயே புதிய மதிப்பை அச்சிட்டார்கள்: ஒரு சக்கரத் தலை அரை அணாவாயிற்று, இரண்டு சக்கரம் ஓர் அணா, நான்கு சக்கரம் இரண்டு அணா. அடுத்த ஆண்டு பை மதிப்பிலேயே புதுத் தலைகள் வந்தன. அதற்கும் அடுத்த ஆண்டு, 1951இல், அஞ்சல் முழுமையாக இந்தியத் தபாலோடு இணைந்தது. மூன்று படிகள், ஒவ்வொன்றும் முந்தையதன் தோளில் ஏறி நின்றது. வழங்கிகளின் உலகிலும் இது எழுதப்பட்ட விதி. எக்ஸ்சேஞ்ச் 2010 வைத்திருந்தவர் நேரே 2019க்குத் தாவ முடியாது. இடையில் ஒரு பதிப்பில் கால் ஊன்றித்தான் ஏறவேண்டும். கடிதத்தோடு தொடர்புடைய எதுவும் ஒரே தாவலில் மாறுவதில்லை. எழுதியவரும் பெறுபவரும் ஒரே நாளில் மாறுவதில்லை என்பதே காரணம்.

இங்கேதான் நாஞ்சில் நாட்டின் வரலாறு ஒரு விசித்திரமான திருப்பத்தைக் காட்டுகிறது. 1951இல் தென் தாலுகாக்களின் தமிழர்கள் மார்ஷல் நேசமணி போன்றோரின் தலைமையில் தமிழகத்தோடு இணையப் போராடிக்கொண்டிருந்தார்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. ஆனால் கடிதங்கள் ஐந்தாண்டுகள் முன்னரே இணைந்துவிட்டன. வள்ளியூருக்கும் கோட்டயத்துக்கும் ஒரே தலை என்றான நாளில், ஆரல்வாய்மொழி எல்லையின் ஒரு பகுதி ஓசையின்றி அழிந்தது. மனிதர்கள் உயிர் கொடுத்துக் கடக்க வேண்டியிருந்த கோட்டை ஓர் உறை முதலில் கடந்தது.

இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். மணிக்கோலின் பின்னால் ஒரு சிறிய அரசு தன் செய்திக்குத் தானே பொறுப்பேற்ற பெருமிதம் இருந்தது. பச்சை வண்ணம் பூசிய பழைய அஞ்சல் பெட்டிகள் கேரளத்து ஊர்கள் சிலவற்றில் சங்கு முத்திரையோடு காட்சிப் பொருளாய் நிற்கின்றன. 1950இல் வந்த இரண்டு பை தலையிலும் சங்கே இருந்தது. 1888இல் சங்கோடு தொடங்கியது சங்கோடு முடிந்தது.

பெயர் மட்டும் முடியவில்லை. மலையாளம் இன்று தபால் என்கிறது. அஞ்சல் என்ற சொல்லைப் பொதுவழக்காகக் கொண்டதோ தமிழ். அஞ்சல் நிலையம், அஞ்சல் தலை, மின்னஞ்சல். இலங்கைத் தமிழர் கோல் கைமாற்றி ஓடும் பந்தயத்தை இன்றும் அஞ்சலோட்டம் என்றே அழைக்கிறார்கள். அன்றிரவு நண்பர் ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தவற்றின் பெயரும் அதுவே. பழைய வாசலில் வந்து தட்டுகிறவர்களுள் நம் மொழியும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.