ஒன்ராறியோவில் திரைப்படத் தணிக்கையும் தமிழ்த் திரையும்

ரொறன்ரோ, பிறம்ரன், மார்க்கம் முதலிய நகரங்கள் அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்தில் படங்களை வெட்டவும் தடுக்கவும் அரசு 1911இல் எடுத்துக்கொண்ட அதிகாரம், ஒரு நூற்றாண்டுக்குள் ஏறக்குறைய முழுதும் கரைந்துவிட்டது. தமிழர் எடுத்த படங்களும் தமிழர் பார்க்கப் போன படங்களும் இங்கே சந்தித்த பெரிய தடைகள் அதற்குப் பின் வந்தவை. அவற்றில் ஒன்றைக்கூடத் தணிக்கைச் சபை விதிக்கவில்லை.

கனடாவில் திரைப்படத் தணிக்கை மாகாணங்களின் பொறுப்பு. ஒன்ராறியோ தணிக்கைச் சபை ஏறக்குறைய எழுபதாண்டுகள் பெரிதும் கேள்வியின்றி இயங்கியது. கான் விழாவின் முதற்பரிசும் ஒஸ்காரும் பெற்ற 'த ரின் டிரம்' என்ற ஜெர்மானியப் படத்தை அது 1980இல் தடுத்தபோது எதிர்ப்பு வலுத்தது. 1982இல் கனடாவின் உரிமைகள் சாசனம் வந்ததும், ஒரு சிறிய திரைப்பட ரசிகர் சங்கம் சபைக்கு எதிராக வழக்காடி வென்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1984இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. எதை வெட்டலாம் என்பதற்குச் சட்டத்தில் அளவுகோலே இருக்கவில்லை. சபை தன் மனம்போல் தீர்மானித்தது. கருத்துரிமைக்கு வரம்பு போடுவதானால் அந்த வரம்பு சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டு சபையின் பெயர் மாறியது. வயதுவாரியாகத் தரம் பிரிப்பதே மெல்ல மெல்ல அதன் முதன்மை வேலையானது. 2019இல் தரம் பிரிக்கும் அமைப்பும் மூடப்பட்டது. மத நிந்தனையைக் குற்றமாக்கிய பிரிவையும் கனடா 2018இல் தன் குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 'காளி' விவகாரத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கவிஞரும் இயக்குநருமான லீனா மணிமேகலை, ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்ற காலத்தில் எடுத்த குறும்படம் அது. காளி வேடமிட்ட அவரே ஒரு மாலைப்பொழுதில் நகரத் தெருக்களில் நடக்கிறார். ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம் பன்மைப் பண்பாட்டைப் பற்றி மாணவர்களைக்கொண்டு உருவாக்கிய 18 குறும்படங்களுள் ஒன்றாக, 2022 ஜூலை 2 அன்று ஆகா கான் அருங்காட்சியகத்தில் திரையிடப்பட்டது. காளி புகைபிடிப்பதும், பாற்புதுமையினரின் வானவில் கொடியைப் பிடித்திருப்பதும் சுவரொட்டியில் இருந்தன.

சுவரொட்டி சமூக ஊடகத்தில் பரவியதும் எதிர்ப்பு வெடித்தது. ஒட்டாவாவிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம், இத்தகைய காட்சிகளை விலக்கிக்கொள்ளும்படி கனேடிய அதிகாரிகளையும் நிகழ்ச்சி அமைப்பாளர்களையும் கேட்டது. அருங்காட்சியகம் வருத்தம் தெரிவித்துப் படத்தை விலக்கியது. பல்கலைக்கழகமும் வருந்தியது. இந்தியாவில் டெல்லி, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் எனப் பல இடங்களில் வழக்குகள் பதிவாயின. 2023 ஜனவரி 20 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் இயக்குநரைக் கைதுசெய்யக் கூடாதென இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.

பக்தர்கள் புண்பட்டது பொய்யல்ல. அதைச் சொல்லவும் எதிர்த்துக் கூடவும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கோபம் பெரும்பாலும் ஒரு சுவரொட்டியைப் பார்த்து எழுந்தது. படத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். கென்சிங்ரன் சந்தைப் பக்கம் தெருவில் வாழும் எளியவர்கள் நீட்டிய சிகரெட்டைத்தான் தன் காளி வாங்கிக்கொள்கிறாள் என்று இயக்குநர் விளக்கினார். தன் ஊர்க் காளி இறைச்சியும் சாராயமும் ஏற்பவள் என்றும் வாதிட்டார். சுடலைமாடனுக்கும் முனியாண்டிக்கும் சுருட்டும் சாராயமும் படைக்கும் மரபை அறிந்த தமிழருக்கு இந்த வாதம் அந்நியமானதல்ல. ஏற்பதும் மறுப்பதும் வேறு விடயம். அதைப் பேச ஓர் அரங்கு வேண்டியிருந்தது, அருங்காட்சியகத்தில் அந்த அரங்கும் இருந்தது. எந்தச் சட்டமும் வற்புறுத்தாத நிலையில் அது கதவைச் சாத்திக்கொண்டதுதான் இந்த விவகாரத்தின் ஆகப் பெரிய இழப்பு.

இதே இயக்குநரின் 'செங்கடல்' தனுஷ்கோடி மீனவரையும் ஈழ அகதிகளையும் பற்றியது. சென்னைத் தணிக்கை அலுவலகம் சான்றிதழ் தர மறுத்தது; மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011இல் அதை வெட்டின்றி அனுமதித்தது. அங்கே முறையிட ஓர் இடம் இருந்தது. (அந்தத் தீர்ப்பாயத்தை இந்திய அரசு 2021இல் கலைத்துவிட்டது.) ரொறன்ரோவில் ஒரு நிறுவனம் தானாகப் பின்வாங்கினால் எங்கே முறையிடுவது?

இன்னொரு வகைத் தடை துப்பாக்கியோடு வந்தது. 2024 ஜனவரியில், மோகன்லால் நடித்த 'மலைக்கோட்டை வாலிபன்' என்ற மலையாளப் படம் வெளியாகவிருந்த நேரத்தில், பிறம்ரன், ஸ்காபரோ, றிச்மன்ட் ஹில், வோன் ஆகிய நான்கு இடங்களில் சினிபிளெக்ஸ் நிறுவனத்தின் அரங்குகள்மீது சூடு விழுந்தது. நிறுவனம் படத்தை விலக்கியது. படம் சொன்ன எதுவும் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. தென்னிந்தியப் படங்களின் விநியோகப் போட்டியே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. இட ஒதுக்கீட்டைப் பேசிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில், வன்முறை மிரட்டலுக்குப் பணிந்து ஒரு படத்தைத் தடுக்கலாகாது, பாதுகாப்புத் தருவது அரசின் கடமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. அது அரசைக் கட்டுப்படுத்தும் நெறி. ஊழியரையும் பார்வையாளரையும் காக்க வேண்டிய ஒரு தனியார் அரங்கிடம் அதே உறுதியைக் கேட்பது நியாயமாகாது. அந்தச் சுமையைக் காவல்துறைதான் ஏற்க வேண்டும்.

இயக்குநரின் பொறுப்பு என்ற கேள்வி வேறொரு படத்தில் கூர்மையாக எழுந்தது. ஷியாம் செல்வதுரையின் 1994ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, ரொறன்ரோவில் வாழும் தீபா மேத்தா இயக்கிய 'ஃபன்னி போய்' 2020 டிசம்பரில் வெளியானது. இந்துத்துவ அமைப்புகளின் வன்முறையால் 2000இல் வாரணாசியில் நின்றுபோன 'வாட்டர்' படத்தை இலங்கையில் எடுத்து முடித்தவர் அவர். கருத்துரிமைக்கு அவர் கொடுத்த விலை பெரிது. தமிழருக்கு எதிரான 1983 கலவரத்தை நோக்கி நகரும் கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் கதைக்கு அவர் தேர்ந்த முதன்மை நடிகர் பலர் தமிழர் அல்லர். அவர்கள் பேசிய தமிழ் ஈழத்தமிழரின் காதில் ஒட்டவில்லை. ஒரு மொழியைப் பேசியதற்காகவே ஆட்களை இனங்கண்டு கொன்ற நாட்களைப் பற்றிய படத்தில் அந்த மொழியே சிதைவது சிறு குறையல்ல என்று கனடாத் தமிழ்க் கலைஞர்கள் பொதுவெளியில் சொன்னார்கள். படத்தைப் புறக்கணிக்கும் குரல்களும் எழுந்தன. விமர்சிப்பதும் புறக்கணிப்பதும் தணிக்கை ஆகா. யாருடைய துயரத்தைத் திரைக்கு எடுக்கிறாரோ அவர்களுக்கு இயக்குநர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவர்கள் கேட்டதும் அந்தப் பதிலைத்தான்.